பிளக்கை முதலில் கையால் ஏற்றுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பெட்ரோல் காரின் எஞ்சினில் பொறி கொடுத்துப் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கை முதன்முறையாக நாமே மாற்றுவது பற்றிப் பேசப்போகிறேன். டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக் கிடையாது.

மூன்று சிலிண்டருக்கு மூன்று, நாலுக்கு நாலு என்பது பெரும்பாலான கார்களின் கணக்கு. கடையில் வண்டிப் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். கையேட்டில் உள்ள பிளக் எண்ணைக் காட்டிக் கேளுங்கள். நீளம் கூடிப்போனால் பிஸ்டனில் இடிக்கக்கூடும்.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியை விடிகாலையில், வெயில் ஏறுமுன் திறப்பது நல்லது. எஞ்சினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட்டில் இருக்கும் பிளக்கைச் சூட்டோடு திருகினால் மரையும் பெயர்ந்து வந்துவிடும்.

பிளக்கின் மேல் உட்கார்ந்து அதற்கு மின்சாரம் தரும் காயிலைப் பிடித்திருக்கும் போல்டுக்குப் பெரும்பாலும் 10 எம்எம் ஸ்பானர். கனெக்டரின் பூட்டை அழுத்திக் கழற்றுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். காயில் வந்ததும் ஆழமான குழி தெரியும். நம் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஓடும் வண்டி என்றால் அதில் செம்மண் தூசி இருக்கும். பிளக்கை அசைக்குமுன் சைக்கிள் பம்பால் காற்றடித்து அதை வெளியேற்றுங்கள், கண்ணை ஒதுக்கி வைத்துக்கொண்டு. இல்லாவிட்டால் அத்தனையும் சிலிண்டருக்குள் விழுந்து சுவரைக் கீறும்.

இனி நான் எங்கு போனாலும் வலியுறுத்தும் விஷயம். பழைய பிளக்கைக் கழற்றிய பிறகு, புது பிளக்கை ராட்செட் என்ற இரும்புக் கைப்பிடி போட்டு ஏற்றாதீர்கள். பெட்ரோல் டியூபில் ஒரு சாண் வெட்டி, பிளக்கின் தலையில் செருகுங்கள். குழிக்குள் இறக்கி, முதலில் இடப்பக்கம் மெல்லத் திருப்புங்கள். மரை மரையில் உட்காருவது விரலுக்குத் தெரியும். பிறகு வலப்பக்கம். கோணலாக ஏறினால் டியூப் வழுக்கி நின்றுவிடும். இரும்புக் கைப்பிடி வழுக்காது, மரையை அறுத்துக்கொண்டே போகும். அறுந்தால் ஹெட்டைக் கழற்றிப் புது மரை போடும் செலவு. ஆகவே சில சுற்றாவது விரலால் போகட்டும். மறுபடியும் சொல்கிறேன், விரலால்.

வாஷர் தட்டியதும், 14 எம்எம் மரையுள்ள புது பிளக்குக்கு அரைச் சுற்று, மிஞ்சினால் முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. வாஷர் இல்லாத கூம்பு வகைக்குப் பதினாறில் ஒரு பங்குதான். பெட்டியிலேயே படம் போட்டிருப்பார்கள். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் கையேட்டில் உள்ள அளவை வையுங்கள். மரையில் கிரீஸ் தடவ வேண்டாம். தடவினால் அதே அளவுக்கே இறுக்கம் அளவு மீறிவிடும்.

நேரம் நெருங்குகிறது, மீதியைச் சுருக்கிச் சொல்கிறேன். இரிடியம் பிளக்கின் நுனியில் இடைவெளி அளக்கும் கேஜ் விட்டு நெம்பாதீர்கள், ஒடியும். பழைய பிளக்குகளைச் சிலிண்டர் வரிசைப்படி வையுங்கள். வெளிர் பழுப்பு நல்லது. காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ஆயில் உள்ளே வருகிறது, வெள்ளையாகக் கொப்பளித்திருந்தால் சூடு அதிகம், மெக்கானிக்கிடம் காட்டுங்கள். மாற்றிய பிறகு எஞ்சின் உதறினால் முதலில் காயில் கனெக்டர்கள் பூட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். வணக்கம்.