இழுக்கிற சாலை, பார்க்கிற சாலை

நேயர்களுக்கு வணக்கம். இந்த உரைக்காக என்னை அழைத்த நிலைய நண்பர் போனில் ஒரு கேள்வி கேட்டார். "கேம்பரை இழுத்துக்கொண்டு போக அமெரிக்காவின் மேற்குப் பக்கத்தில் அழகான சாலை எது?" அழகான சாலையில் கேம்பரை இழுத்துக்கொண்டு போகாதீர்கள் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரி, அதையே வந்து விளக்கமாகப் பேசிவிடுங்கள்" என்றார். அதனால்தான் வந்திருக்கிறேன்.

ஊரிலிருந்து கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நம்மூரில் கேரவன் என்றால் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி. நான் சொல்லும் கேம்பருக்கு எஞ்சினே கிடையாது. கட்டில், அடுப்பு, குட்டிக் குளியலறை எல்லாம் வைத்த ஒரு பெட்டிக்குச் சக்கரம் போட்டிருப்பார்கள். காரின் பின்னால் உள்ள இரும்புக் குண்டில் அதை மாட்டி இழுத்துப் போக வேண்டும். எங்களுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கியது, 20 அடி நீளம். காரோடு சேர்த்தால் சுமார் 37 அடி. சாமான் ஏற்றிய பிறகு எடை 4,500 பவுண்டு, அதாவது இரண்டு டன்னுக்கு மேல்.

நாங்கள் இருப்பது சியாட்டில் பக்கம். ஊரிலிருந்து அப்பா வந்திருந்த ஒரு கோடையில், மொன்டானாவில் இருக்கும் கிளேசியர் தேசியப் பூங்கா, அப்புறம் யெல்லோஸ்டோன், அப்புறம் வீடு என்று திட்டம் போட்டோம். அப்பா ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். இளவயதில் மாட்டுவண்டி ஓட்டியவர், ஆண்டாள் கோயில் தேருக்கு வடம் பிடித்தவர். ஆகவே பின்னால் பாரம் கட்டி இழுப்பதில் என்னைவிட அவருக்கு அனுபவம் அதிகம். இதை நான் ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் நாளானது.

கிளம்புகிற அன்று காலை, தண்ணீர் கேன்கள், சைக்கிள்கள், கரி அடுப்பு எல்லாவற்றையும் கேம்பரின் பின்பக்கம் ஏற்றி முடித்திருந்தேன். அப்பா ஒரு சுற்று வந்து பார்த்தார். "என்னப்பா, வண்டி பின்பாரமா இருக்கே. முன்பாரம் கொஞ்சம் வேணும்ல? இல்லன்னா நுகத்தடி மாட்டுக் கழுத்தவிட்டு எந்திரிச்சுரும், வண்டி அலையும்" என்றார். டிரெய்லர்காரர்களின் பாடமும் இதுவேதான். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை இணைப்புக் குண்டின் மேல் அழுந்த வேண்டும். பின்பாரம் கூடினால், வேகம் எடுத்ததும் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும், அந்த வால் காரையே ஆட்டிவிடும். சைக்கிள்களை இறக்கினோம். தண்ணீரையும் பாதி கொட்டினோம். ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு, 30 கேலன் என்றால் 250 பவுண்டு. போகிற இடத்தில் குழாயில் வருவதை மலை மேல் ஏன் சுமக்க வேண்டும்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கார் விற்பவர் "5,000 பவுண்டு இழுக்கும்" என்பார். பொய் இல்லை. ஆனால் ஓட்டுநர் கதவைத் திறந்தால் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்கள், சாமான், குண்டின் மேல் அழுந்தும் பாரம் எல்லாம் சேர்ந்து எவ்வளவு தாங்கும் என்று அதில் போட்டிருக்கும். ஐந்து பேர் குடும்பத்தில் முதலில் மீறிப்போவது அந்தக் கணக்குதான்.

இப்போது சாலைக்கு வருவோம். ஏற்றத்தை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஏற்றத்தில் என்ன ஆகும்? வேகம் குறையும், எஞ்சின் சூடாகும், பின்னால் வருபவர்கள் மனதுக்குள் திட்டுவார்கள். அவ்வளவுதான். ஆபத்து இறக்கத்தில் இருக்கிறது. சியாட்டிலிலிருந்து ஐ-90 என்ற இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலையில் கிழக்கே போனால், ரைகிராஸ் மேட்டிலிருந்து கொலம்பியா ஆறு வரை சுமார் பத்து மைல் இறக்கம். பார்க்க ஒன்றும் பயங்கரமாக இருக்காது. நானும் சாதாரணமாக பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினேன். ஆற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் பிரேக் கருகும் வாசனை. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகளில் மசினகுடிக்கு இறங்கியவர்களுக்கு அந்த வாசனை தெரியும். வெளியூர் வண்டிகளை அங்கே இறங்க விடாததற்குக் காரணமும் அதுதான். எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரில் இறங்கு என்று நம்மூர் மலைப்பாதை ஓட்டுநர்கள் சொல்வது இங்கேயும் அப்படியே பொருந்தும். எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிரேக்கை அழுத்தி வேகத்தைக் குறைத்து, காலை முழுதாக எடுத்துவிட வேண்டும். அது ஆறுவதற்கு நேரம் வேண்டாமா?

ஆகவே வழியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் இப்போது முதலில் பார்ப்பது இறக்கங்களை. அதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறேன். வரைபடத்தில் ரயில் பாதை எங்கே போகிறது என்று தேடுவேன். சரக்கு ரயிலால் நூறடிக்கு இரண்டடிக்கு மேல் ஏறுவது கடினம். அதனால் ரயில் போட்டவர்கள் மலையில் இருப்பதிலேயே தாழ்வான கணவாயைத் தேடித் தேடி அலைந்திருக்கிறார்கள். அந்தத் தண்டவாளத்தை ஒட்டிப் போகும் சாலை பெரும்பாலும் நமக்கும் சாதுவாகவே இருக்கும்.

கிளேசியர் பூங்கா இதற்கு நல்ல உதாரணம். பூங்காவுக்கு நடுவே 'கோயிங் டு தி சன்' என்று ஒரு சாலை. சுமார் 50 மைல். 1933-இல் திறப்பு விழா நடந்தது. முதலில் போட்ட திட்டத்தில் 15 கொண்டை ஊசி வளைவுகள் இருந்தன. தாமஸ் விண்ட் என்ற நிலவடிவமைப்பாளர், மலையைக் கீறிப்போட வேண்டாம், பாறைச் சுவரை ஒட்டியே மெல்ல ஏறிப்போகலாம், ஒரே ஒரு வளைவு போதும் என்றார். அப்படியே கட்டினார்கள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், நடுவே குறுகிய சாலை. அதனால்தான் 21 அடிக்கு மேல் நீளமோ, கண்ணாடிகளோடு சேர்த்து 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிக்கு மலைப்பகுதியில் அனுமதி கிடையாது. 21 அடி என்பது காரும் டிரெய்லரும் சேர்ந்து. எங்கள் 37 அடி ஊர்வலத்துக்கு அங்கே இடமே இல்லை.

அதே பூங்காவின் தெற்கு ஓரமாக யு.எஸ்-2 நெடுஞ்சாலை மரையாஸ் கணவாய் வழியாகப் போகிறது. உயரம் 5,213 அடி. 1889 டிசம்பர் குளிரில் ஜான் எஃப். ஸ்டீவன்ஸ் என்ற பொறியாளர், கிரேட் நார்தர்ன் ரயில்வேக்காக இந்தக் கணவாயைத் தேடிப் பிடித்தார். பிற்பாடு பனாமா கால்வாய் வேலைக்குத் தலைமைப் பொறியாளராக இருந்தவரும் இவர்தான். கணவாயில் அவருக்குச் சிலை இருக்கிறது. நான் இறங்கி ஒரு கும்பிடு போட்டேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நாங்கள் செய்தது இதுதான். மேற்குப் பக்கம் ஆப்கர் முகாமில் கேம்பரைக் கழற்றிப் போட்டோம். மறுநாள் விடியற்காலையில் வெறும் காரில் மலைச் சாலை ஏறினோம். 6,646 அடி உயர லோகன் கணவாயில் ஜூலை மாதத்துப் பனியை அப்பா கையில் அள்ளிப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஓட்டுகிறவன் பார்த்தேன் என்பதுதான் இங்கே விஷயம். எங்கே வேண்டுமானாலும் ஓரங்கட்ட முடிந்தது. அதற்கு மறுநாள் கேம்பரை மாட்டிக்கொண்டு மரையாஸ் வழியாகக் கிழக்குப் பக்கம் போனோம். அந்த 'சாதாரண' சாலையும் ஆறு, காடு, தண்டவாளம் என்று ஒன்றும் குறைந்துபோய்விடவில்லை.

அப்புறம்தான் நான் மாட்டிக்கொண்டேன். ஈஸ்ட் கிளேசியர் என்ற சிற்றூரிலிருந்து செயின்ட் மேரிக்குப் போக வேண்டும். போனில் இருந்த வழிகாட்டி செயலி மொன்டானா 49 என்ற சாலையைக் காட்டியது. பன்னிரண்டு மைல், குறுக்குவழி. எனக்கு ஆசை. அந்தச் செயலிக்கு நான் பின்னால் ஒரு வீட்டை இழுத்து வருவது தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவன் நான். சாலை மலை விளிம்பில் ஏறி வளைந்து வளைந்து போனது, தடுப்பும் இல்லை. பிளாக்ஃபீட் பழங்குடியினரின் நிலம் அது, மாடுகள் வேலியில்லாமல் மேயும். ஒரு கொண்டை ஊசி வளைவில் ஏழெட்டு மாடுகள் சாலையிலேயே படுத்திருந்தன. ஹாரன் அடித்தேன். ஒன்று என்னைத் திரும்பிப் பார்த்தது. மற்றவை அதைக்கூடச் செய்யவில்லை. பின்னால் ஒரு பிக்கப் வந்து நின்றது. பின்னால் எடுக்க வழியில்லை. டிரெய்லரோடு ரிவர்ஸ் எடுப்பது சமதளத்திலேயே எங்கள் வீட்டில் சண்டையில் முடிகிற விஷயம். கடைசியில் அப்பா இறங்கிப் போய், "ஹை, ஹை" என்று நம்மூர் மாட்டை ஓட்டுவதுபோல ஓட்டினார். மொன்டானா மாடுகளுக்கும் அது புரிந்தது.

கீழே லோயர் டூ மெடிசின் ஏரி என்று ஒன்று இருந்ததாம். மனைவியின் போனில் படம் இருக்கிறது, அருமையான படம். நான் அந்த ஏரியைப் பார்க்கவே இல்லை. இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில், கண் மாற்றி மாற்றி இரண்டு பக்கக் கண்ணாடியில். பிரவுனிங் ஊர் வழியாகச் சுற்றிப் போனால் தூரம் கொஞ்சம் கூடுதல், ஆனால் அகலமான சாலை. பெரிய வண்டிக்காரர்களுக்கு இங்கே சொல்லப்படும் வழியும் அதுதான். கிளம்புமுன் ஐந்து நிமிடம் படித்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும்.

அந்தக் கிழக்குப் பக்கத்தில் காற்றும் ஒரு கணக்கு. மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கும் காற்று கேம்பரின் பக்கவாட்டில் பாய்மரத்தில் அடிப்பதுபோல அடிக்கும். ஐ-90-இல் லிவிங்ஸ்டன் அருகே காற்று கூடினால் உயரமான வண்டிகளை நெடுஞ்சாலையிலிருந்து இறக்கி ஊருக்குள் திருப்பிவிடுவார்கள். மொன்டானாவிலும் ஐடஹோவிலும் 511-ஐக் கூப்பிட்டால் சாலை நிலவரம் சொல்லும். நாங்கள் ஒரு நாள் முழுக்கச் செயின்ட் மேரியிலேயே உட்கார்ந்து, காற்று அடங்கிய பிறகு கிளம்பினோம். கேம்பர்காரர்கள் மூன்று-மூன்று-மூன்று என்பார்கள். ஒரு நாளைக்கு 300 மைல், பிற்பகல் மூன்று மணிக்குள் போய்ச் சேர், ஓரிடத்தில் மூன்று நாள் தங்கு. 300 மைலே எனக்கு அதிகம். 220-க்கு மேல் போனால் முதுகு பேசத் தொடங்குகிறது.

யெல்லோஸ்டோனுக்குக் கேலட்டின் பள்ளத்தாக்கு வழி கொஞ்சம் கிட்டம், ஆனால் குறுகல். நாங்கள் என்னிஸ் வழியாக அகன்ற மாடிசன் சமவெளியில் போனோம். பூங்காவுக்குள் தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் மூன்றுக்கும் இணைப்பு உள்ள முகாம் ஃபிஷிங் பிரிட்ஜ் மட்டும்தான். அங்கே துணிச்சுவர் வைத்த மடக்கு கேம்பர்களுக்கு இடம் தருவதில்லை. கிரிஸ்லி கரடிகள் நடமாடும் இடம் அது. மடக்கு கேம்பர் வாங்க நினைப்பவர்கள் இதையும் மனதில் வையுங்கள்.

அங்கிருந்து ஒரு நாள் வெறும் காரில் லமார் பள்ளத்தாக்கு வழியாகப் போய் பேர்டூத் நெடுஞ்சாலையில் ஏறினோம். 1936-இல் திறந்த சாலை, உச்சி 10,947 அடி. அந்த உயரத்தில் டர்போ இல்லாத எஞ்சின் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தியை இழந்திருக்கும். கேம்பரோடு அதில் ஏறுபவர்களையும் பார்த்தேன். அவர்கள் முகத்தையும் பார்த்தேன்.

திரும்பும் வழியில் ஜாக்சன் என்ற ஊரிலிருந்து ஐடஹோ போக டீட்டன் கணவாய்தான் கிட்டம். 10 சதவீதச் சரிவு, குளிர்காலத்தில் டிரெய்லர்களுக்குத் தடையே உண்டு. நாங்கள் போனது கோடைதான், இருந்தாலும் யு.எஸ்-26-இல் ஆல்பைன் வழியாக ஸ்னேக் ஆற்றை ஒட்டிச் சுற்றிப் போனோம். இன்டர்ஸ்டேட் வந்துவிட்டால் கவலையில்லை என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒரேகானில் ஐ-84, பென்டில்டனுக்கு இறங்கும் கேபேஜ் ஹில்லில் ஆறு மைலுக்கு 6 சதவீதச் சரிவு, நடுவில் இரட்டைக் கொண்டை ஊசி வளைவு. லாரிக்காரர்களே பயபக்தியோடு இறங்குவார்கள். நான் அவர்களில் ஒருவர் பின்னாலேயே, அவர் போன வேகத்திலேயே இறங்கினேன். இந்த முறை கருகல் வாசனை இல்லை.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது இரவு ஒன்பது மணி. எங்கள் வீட்டு வாசல் கொஞ்சம் சரிவு. நான் இணைப்பைக் கழற்றப் போனேன். "இரு, இரு" என்றார் அப்பா. இருட்டில் குனிந்து கேம்பர் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டையைத் திணித்துக் காலால் இரண்டு தட்டு தட்டினார். அப்புறம் நிமிர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

"தேர் நிலைக்கு வந்துருச்சுப்பா. இப்பக் கழத்து."