மட்டி பெருகும் வருடம் எது?

வணக்கம் மக்களே! இன்றைக்குக் குளிர்க் கடலோரத்து மட்டிகளைப் பற்றிப் பேசப்போகிறேன். ஒரு வருடம் சேற்றில் கால் வைக்க இடமில்லாமல் கிடக்கும், பிறகு சில வருடங்களுக்குத் தேடினாலும் அவ்வளவாகக் கிடைக்காது. ஏன் இப்படி?

நேராக வாடன் கடலுக்குப் போய்விடலாம். நெதர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க் கரையை ஒட்டிய ஆழமில்லாத கடல் இது. நீர் வற்றினால் கிலோமீட்டர் கணக்கில் சேறு தெரியும். நெதர்லாந்துப் பக்கம் பால்க்ஸான்ட் என்ற சேற்றுவெளியில் யான் பியூகெமா என்ற ஆய்வாளர் 1970களில் ஒரு கணக்கெடுப்பைத் தொடங்கினார். வருடா வருடம் அதே இடங்களில் சேற்றை அள்ளி, சல்லடையில் அலசி, மிஞ்சும் மட்டிகளை எண்ணும் வேலை. இதில் பெரிய வித்தையெல்லாம் இல்லை, விடாமல் செய்யவேண்டும். அந்தப் பொறுமைக்கு என் மனதில் பெரிய மரியாதை உண்டு.

அதில் தெரியவந்ததைக் கேளுங்கள். கடும் குளிர் வந்தால் சேற்றுவெளியில் உள்ள காக்கிள் என்ற வகை மட்டிகள் கூட்டமாகச் செத்துப்போகும். சரி, அந்த இனம் அங்கே ஒழிந்தது என்றுதான் நினைப்போம். ஆனால் அதே வருடக் கோடையில் குஞ்சு மட்டிகள் அள்ளிக்கொண்டு வரும்! 1995-96 குளிர்காலம் அப்படித்தான். அதன் பிறகு 1996 கோடையில் வாடன் கடலில் பல இடங்களில் குஞ்சுகள் ஏராளம்.

காரணம் இறாலும் நண்டும். சேற்றில் வந்து இறங்கும்போது குஞ்சு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பழுப்பு இறாலுக்கு அது ஒரு வாய்க்குக் காணாது, அதனால் ஏகப்பட்டதைத் தின்னும். குளிர் கடுமையாக இருந்தால் இறாலும் கரை நண்டும் சேற்றுவெளிக்குத் தாமதமாக, குறைவாகத்தான் வரும். அதற்குள் குஞ்சு இறால் வாய்க்கு அடங்காத அளவுக்கு வளர்ந்துவிடும். பிழைப்பதும் சாவதும் அந்தச் சில வாரங்களில்தான்!

அப்படித் தப்பித்த ஒரே வருடத்துக் குஞ்சுகள்தான் அடுத்த பல வருடங்களுக்கு அந்தச் சேற்றுவெளியை நிரப்பும். மட்டியின் ஓட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். குளிரில் வளர்ச்சி நின்ற இடத்தில் கருமையாக ஒரு கோடு ஓடும். அந்தக் கோடுகளை எண்ணினால் பெரும்பாலானவை ஒரே வருடத்தில் பிறந்தவை என்று தெரியவரும். அதனால்தான் இரண்டு மூன்று வருடம் எண்ணிவிட்டு "மட்டி குறைகிறது" என்று யாராவது சொன்னால் எனக்கு நம்பிக்கை வராது.

அப்புறம், குளிர்காலம் இதமாகிக்கொண்டே போனால்? பால்டிக் மட்டி என்று ஒன்று உண்டு, இளஞ்சிவப்பு ஓடு, குளிரை நன்றாகத் தாங்கும். இதமான குளிர்காலத்தில் அதன் உடம்பு அதிகம் இளைத்துவிடும், வசந்தத்தில் முட்டையும் குறையும். கூடவே இறால் சீக்கிரமே வந்துவிடும். இரண்டு பக்கமும் அடி. எனக்கு உண்மையாகவே கவலை தருவது இதுதான். பெரிய மட்டிகள் உயிரோடு இருப்பதால் சேற்றுவெளி வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும், குஞ்சு வராததைச் சல்லடை போட்டு எண்ணுகிறவர்தான் கண்டுபிடிப்பார்.