குழம்பிய மதுரை

வணக்கம் நேயர்களே. குறுக்கெழுத்துப் புதிர் போடுகிறவனுக்கு வழக்கமாகக் கிடைக்கும் அர்ச்சனை, "இவ்வளவு கஷ்டமாகவா போடுவது?" என்பது. அதைச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வேன். "இது அநியாயம்" என்று யாராவது சொன்னால்தான் அன்று தூக்கம் போய்விடும்.

ஒரு குறிப்பு சொல்கிறேன். 'குழம்பிப்போன நகரம் பாவிகள் போய்ச் சேருமிடம்.' நான்கு எழுத்து. 'குழம்பிப்போன' என்றால் எழுத்துகளைக் கலைக்க வேண்டும்; 'நகரம்' என்ற சொல்லின் நடுவிலிருக்கும் இரண்டு எழுத்தை இடம் மாற்றினால் நரகம். பாவிகள் போகுமிடமும் அதுதான். சும்மா உட்கார்ந்திருக்கும் சொல் இதில் ஒன்றுகூட இல்லை.

இதையே கொஞ்சம் கடினமாக்கலாமே என்று ஒருமுறை 'குழம்பிய மதுரை' என்று மாற்றிப் போட்டேன். மதுரை நகரம்தானே! மறுநாள் காலையிலேயே நண்பர் போனில் பிடித்துக்கொண்டார். "ம, து, ரை மூன்றையும் அரை மணி நேரம் உருட்டினேன். அதை நகரமென்று நினைத்து, அப்புறம் கலைக்க வேண்டுமென்று எனக்கு ஜோசியமா தெரியும்?" அவர் கேட்டது சரி. கலைக்க வேண்டிய எழுத்துகள் கண்ணெதிரே இருக்க வேண்டும்.

அஃப்ரிட் என்ற புனைபெயரில் புதிர் போட்ட இங்கிலாந்துக்காரர் ரிச்சி 1949இல் எழுதி வைத்தது இதைத்தான்: சொல்வதையே நான் நினைத்திருக்க வேண்டும் என்பதில்லை, ஆனால் நினைத்ததைச் சொல்லியிருக்க வேண்டும்.

தமிழில் இன்னொரு வம்பு உண்டு. கலவையைக் கலைத்தால் கவலை வருமா? பார்த்தால் வரும் போலிருக்கும். ஆனால் க, ல, வை என்ற எழுத்துகளில் 'லை' எங்கே இருக்கிறது? ஐகாரத்தை மட்டும் பிய்த்து 'ல'வின் தலையில் வைப்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

போன மாதம் எழுதியது: 'மெரினாவில் எதைப் பார்த்துக்கொண்டே என்ன கொறிக்கலாம்?' மூன்று எழுத்து. முதலில் 'எதைக் கொறிக்கலாம்' என்றுதான் எழுதியிருந்தேன். அப்படிக் கேட்டால் விடை 'கடலையை' ஆகிவிடும். 'என்ன' என்று திருத்தியதும் கடல் ஐ உருபோடு பார்வைக்கு வந்தது, கடலை உருபில்லாமல் வாய்க்குப் போனது. அதற்கும் அந்த நண்பர் போன் செய்தார். கஷ்டம் என்று மட்டும்தான் சொன்னார்.