அப்பாவுக்காக ஒரு பொய்

நேயர்களுக்கு வணக்கம். அஸ்கர் ஃபர்ஹாதி இயக்கிய ‘எ செபரேஷன்’ என்ற ஈரானியப் படத்தைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். 2011-இல் பெர்லினில் தங்கக் கரடி விருது வாங்கி, அடுத்த ஆண்டு ஈரானுக்கு முதல் ஆஸ்கரையும் கொண்டுவந்த படம்.

கதை டெஹ்ரானில் நடக்கிறது. மகளை அழைத்துக்கொண்டு வெளிநாடு போய்விட வேண்டும் என்கிறாள் சிமின். நினைவு தப்பிய அப்பாவை விட்டுவிட்டு எப்படி வருவது என்கிறான் அவள் கணவன் நாதேர். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது, வம்பே அதனால்தான். சிமின் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விடுகிறாள். பதினோரு வயது மகள் தெர்மே அப்பாவோடு தங்குகிறாள். தான் இங்கே இருந்தால் அம்மா நாட்டை விட்டுப் போக மாட்டாள் என்பது அவள் போட்ட கணக்கு. குடும்பத்தைக் கட்டிக் காக்கும் வேலை யார் தலையில் விழுகிறது பாருங்கள்!

அப்புறம், முதியவரைப் பார்த்துக்கொள்ள வந்த ராசியேவோடு நாதேருக்குத் தகராறு. அவளை வாசலுக்கு வெளியே தள்ளுகிறான். அவள் கரு கலைந்து, விஷயம் நீதிபதியிடம் போகிறது. அவள் கர்ப்பமாக இருந்தது இவனுக்கு முன்பே தெரியுமா என்பதுதான் கேள்வி. தெரியும். மகள் விடாமல் கேட்டதும் அவளிடம் ஒப்புக்கொள்கிறான். ‘நீ சொன்னால் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்’ என்று முடிவை அவளிடமே விடுகிறான். கேட்க நேர்மையாகத்தான் இருக்கிறது. எனக்கோ அந்த இடத்தில்தான் அவன்மேல் கோபம் வந்தது. பிறகு நீதிபதி கேட்கும்போது அப்பாவுக்காகப் பொய் சொல்லிவிட்டு, திரும்பும் வழியெல்லாம் காரில் அழுகிறாள் அந்தப் பெண்.

ராசியேவுக்கும் ஒரு சின்ன மகள், சொமாயே. கணவனுக்குத் தெரியாமல்தான் ராசியே இந்த வேலைக்கு வருகிறாள். முதியவர் உடையிலேயே சிறுநீர் கழித்துவிடுகிறார். அந்நிய ஆணைத் தொட்டுச் சுத்தம் செய்வது பாவமா என்று மார்க்கம் தெரிந்தவர்களிடம் போனில் கேட்டுக்கொண்டு செய்கிறாள். பக்கத்தில் நின்ற குழந்தை, ‘நான் அப்பாகிட்ட சொல்ல மாட்டேன்’ என்கிறது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த வீட்டில் எதை மறைக்க வேண்டும் என்பது அதற்கே தெரிந்திருக்கிறது.

பெற்றோர் பிரியும்போது தெர்மே கடைசியில் யாரைத் தேர்ந்தெடுத்தாள் என்று படம் பார்த்தவர்கள் வாதாடுவார்கள். இயக்குநர் அதைக் காட்டவில்லை. நான் அந்த வாதத்துக்குப் போவதில்லை. அம்மாவா அப்பாவா என்று நீதிபதி கேட்பது கடைசியில்தான். அவளோ அதற்கு முன்பே ஒரு முறை, அதே மாதிரி ஒரு மேசை முன்னால் நின்று, அப்பாவைக் காப்பாற்றிவிட்டாள்.