‘தெரிகிறது’ என்பது யாருக்கு?

நண்பர்களே, அலென் ராப்-கிரியே எழுதி 1957இல் பாரிசில் வெளிவந்த ‘லா ஜாலூஸி’ நாவலை முதல்முறை நான் பாதியில் மூடி வைத்துவிட்டேன். வாழைத்தோட்டம், வரிசை வரிசையாக மரங்களின் எண்ணிக்கை, வராந்தாத் தூணின் நிழல் எங்கே விழுகிறது என்ற கணக்கு. யாருக்கு வேண்டும் இதெல்லாம்? எழுதியவர் வேளாண்மை படித்தவர், கரீபியத் தீவுகளில் வாழை ஆராய்ச்சி செய்தவர். சரி, பழைய உத்தியோகம் விடவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் முறை தட்டுகளை எண்ணினேன். வீட்டுக்காரியின் பெயர் ‘ஆ’ என்ற ஓரெழுத்தும் மூன்று புள்ளிகளும்தான். பக்கத்துத் தோட்டத்து ஃபிராங்க் சாப்பிட வருகிறான். அவன் மனைவி கிறிஸ்தியான் வரவில்லை. பேசுவது இரண்டே பேர், தட்டுகளோ மூன்று பேருக்கு. அந்த மூன்றாவது ஆள்தான் நமக்குக் கதை சொல்கிறவர், அவளுடைய கணவர். நாவல் முழுக்க அவர் ஒரு தடவைகூட ‘நான்’ என்று சொல்வதில்லை.

பிரெஞ்சில் இது பெரிய வித்தை. தமிழிலோ ‘பார்த்தேன்’ என்றால் விகுதியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ‘எனக்குத் தெரிகிறது’ என்பதில் ‘எனக்கு’ என்பதை எடுத்துவிட்டால் ஆள் போய்விடுவார், வாக்கியம் மட்டும் நிற்கும். தூண் தெரிகிறது. அவள் கூந்தல் தெரிகிறது. கார் வரும் சத்தம் கேட்கிறது. நாம் தினமும் இப்படித்தான் பேசுகிறோம், ஒளிகிறோம் என்று தெரியாமலே.

தலைப்புக்குப் பிரெஞ்சில் இரண்டு பொருள். ஒன்று பொறாமை, மற்றது சாய்ந்த பலகைகள் வைத்த சன்னல் மறைப்பு. அந்த இடுக்கு வழியாகத்தான் அவர் பார்க்கிறார். அங்கிருந்து பார்ப்பவருக்குப் பாதிதான் தெரியும், மீதியை மனசு நிரப்பிக்கொள்ளும். அந்தப் பூரானைப் பாருங்கள். சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு பூரான். ஃபிராங்க் எழுந்து கைத்துண்டால் நசுக்குகிறான். அவ்வளவுதான். ஆனால் அது திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு தடவை சாதாரண அளவு, இன்னொரு தடவை சாப்பாட்டுத் தட்டளவு. ஆ…வும் ஃபிராங்கும் டவுனுக்குப் போய், கார் ரிப்பேர் என்று ராத்தங்கித் திரும்பும் விஷயம் கதையில் நுழைந்த பிறகு, நசுக்கும் காட்சி ஓட்டல் அறைக்கே இடம் மாறிவிடுகிறது! அதை அவர் எங்கிருந்து பார்த்தார்? பார்க்கவில்லை. ஆனால் தூண் நிழலைச் சொன்ன அதே நிதானத்தோடு சொல்கிறார். பொய் என்று நாம் பிடிப்பதற்குக் குரலில் ஒரு சிறு நடுக்கம்கூடக் கிடையாது. எனக்கு இந்த இடத்தில்தான் பயம் வந்தது. மரங்களை அவர் ஏன் எண்ணினார் என்பதும் அப்போதுதான் புரிந்தது. தூக்கம் வராத ஆள் எதையாவது எண்ணிக்கொண்டுதானே இருப்பான்!

அப்புறம் அந்தச் சுவரில் பூரானின் கறை. ரப்பர் வைத்துத் தேய்க்கப்படுகிறது. போகாத இடத்தில் பிளேடு சுரண்டுகிறது. கை மட்டும் தெரிவதில்லை.