அரண்மனையா, கடைத்தெருவா? கடைத்தெருவே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

‘இடைக்காலத்தின் கடைசி இருநூறு ஆண்டுகளில் பிரெஞ்சு மொழிப் புத்தகத்தை வளர்த்தது அரண்மனையா, கடைத்தெருவா?’ இதுதான் கேள்வி. எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், பிரான்சின் ஐந்தாம் சார்ல் மன்னரைத் தோளில் தூக்கிக்கொண்டு அவையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பாரிஸில் லூவ்ர் அரண்மனைக் கோபுரத்தில் நூலகம், 1373-இல் எடுத்த பட்டியலில் 900-க்கும் மேல் புத்தகங்கள், நிக்கோல் ஒரேம் என்ற அறிஞரை வைத்து அரிஸ்டாட்டிலுக்கே பிரெஞ்சு மொழிபெயர்ப்பு என்று அடுக்கினார். சரி, எல்லாம் உண்மை. அரிஸ்டாட்டிலை அவருக்கே விட்டுக்கொடுத்துவிடுகிறேன்.

ஆனால் அந்த மன்னர் பிறந்ததே 1338-இல்! அதற்கு 20 வருஷம் முன்பே பாரிஸில் நோத்ர்தாம் தேவாலயத்துக்கு எதிரே இருந்த தெருவில் தொமா தெ மோபேழ் என்பவர் புத்தகம் விற்றுக்கொண்டிருந்தார். நார்மண்டிக்காரர் பியர் ஒனொரே 1318-இல் அவரிடம் பிரான்ஸ் மன்னர்களின் வரலாற்றைப் பிரெஞ்சில் கையால் எழுதச் சொல்லி வாங்கினார். யாருக்காக, யார், எந்தத் தெருவில் செய்தது என்பதெல்லாம் அந்தப் பிரதியிலேயே இருக்கிறது. ராஜாக்களின் கதையே கடை வழியாகத்தான் ஊருக்குப் போனது, ஐயா.

கடை என்றதும் அலமாரி நிறையப் புத்தகம் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் ஆர்டர் வந்த பிறகுதான் வேலையே தொடங்கும். எழுதுபவர், படம் வரைபவர், கட்டுபவர் எல்லோரையும் பிடித்து, கூலி பேசி, முடித்துக் கொடுக்க வேண்டியவர் கடைக்காரர். நம் ஊர்க் கல்யாணக் கான்ட்ராக்டர் மாதிரி. பல்கலைக்கழகத்தில் அவர் சத்தியப்பிரமாணமும் எடுக்க வேண்டும். அந்தப் பல்கலைக்கழகத்தின் கவலையெல்லாம் லத்தீன் பாடநூல்கள்தான். ஊர்மொழிக் கதைகளைத் தாங்கிப் பிடித்தது தெரு.

அந்தத் தெருவில் ரிஷார் தெ மோன்பாஸ்தோன், அவர் மனைவி ழான் என்று ஒரு தம்பதி. ‘ரோஜாக் கதை’ என்ற பிரெஞ்சுக் காதல் காவியத்தின் பல பிரதிகள் இவர்கள் கைவேலை. ஒரு பிரதியின் பக்க அடியில் ஓர் ஆணும் பெண்ணும் உட்கார்ந்து புத்தக வேலை பார்க்கிறார்கள். பின்னால் தோல் தாள்கள் கொடியில் துணி போலக் காய்கின்றன. தங்களையே வரைந்துகொண்டார்கள் என்பது ஆய்வாளர்களின் ஊகம். எனக்கு அதை நம்பத்தான் ஆசை. கணவர் இறந்த பிறகு, 1353-இல், ழான் தன் பெயரிலேயே சத்தியம் செய்து தொழிலைத் தொடர்ந்தார். அந்த ‘ரோஜாக் கதை’க்கு இன்றும் சுமார் 300 கைப்பிரதிகள் இருக்கின்றன. ஒரே அரண்மனை இத்தனை பிரதி வாங்குமா?

எதிரணியின் நூலகம் என்ன ஆயிற்று? அதை ஏனோ நண்பர் சொல்லவில்லை. 1425-இல் ஆங்கிலேயப் பிரபு பெட்ஃபோர்ட் மொத்தமாக வாங்கினார். 1435-இல் அவர் இறந்ததும் சிதறிப்போனது.

அப்புறம் அச்சு வந்தது. பாரிஸ் புத்தகக் கடைக்காரர் அந்துவான் வெரார் 1485 முதல் பிரெஞ்சு நூல்களை வெளியிட்டார். பிரான்ஸ் மன்னர் எட்டாம் சார்லுக்குத் தோலில் அச்சிட்டுக் கையால் வண்ணம் தீட்டிய பிரதி, மற்றவர்களுக்குக் காகிதப் பிரதி. இங்கிலாந்தின் ஏழாம் ஹென்றிக்கும் விற்றார். ராஜா அவருக்குப் புரவலர் என்கிறார் நண்பர். நான் நல்ல கஸ்டமர் என்பேன்.

அவர் கடை இருந்தது நோத்ர்தாம் பாலத்தின் மேல். 1499 அக்டோபர் 25 அன்று அந்தப் பாலமே இடிந்து ஆற்றில் விழுந்தது. வெரார் சேன் ழாக் தெருவில் மறுபடி கடை திறந்தார், நடுவர் அவர்களே.