வெள்ளை மாளிகையின் மாடி அறை

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அமெரிக்க அதிபர்கள், அவர்களுடைய மனைவியர் ஆகியோரின் சொந்த வாழ்க்கையைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும் காதல் விவகாரங்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதெல்லாம் பேசித் தீர்த்தாகிவிட்டது. நான் புத்திரசோகத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்து வெள்ளை மாளிகையில் வாழ்ந்த மூன்று குடும்பங்களைப் பற்றிச் சொல்கிறேன். அதில் இரண்டு தாய்மார்களை உலகம் நடத்திய விதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

1862 பிப்ரவரி 5ஆம் தேதி இரவு. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கிறது. வெள்ளை மாளிகையில் பெரிய விருந்து. நூற்றுக்கணக்கானவர்களுக்கு அழைப்பு போயிருக்கிறது. கீழே கடற்படை வீரர்களின் வாத்தியக் குழு வாசிக்கிறது. மாடியில் லிங்கனின் மூன்றாவது மகன் வில்லி காய்ச்சலில் கிடக்கிறான். வயது 11. விருந்தை நிறுத்திவிடலாமா என்று பெற்றோர் யோசித்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்னதால் நடத்தினார்கள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. விருந்தினரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே தாய் மேரி மாடிக்குப் போய்ப் பையனைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். கொஞ்ச நேரம் கழித்து லிங்கன் போவார்.

பதினைந்து நாள் கழித்து, பிப்ரவரி 20ஆம் தேதி, வில்லி இறந்தான். டைபாய்டு என்றுதான் பெரும்பாலும் கருதுகிறார்கள். மாளிகைக்கு வந்த தண்ணீர் அவ்வளவு அசுத்தம்.

அந்த அறையில் நடந்ததை நமக்குச் சொல்பவர் எலிசபெத் கெக்லி என்ற கறுப்பினப் பெண். மேரி லிங்கனுக்கு உடை தைத்துக் கொடுத்தவர். அடிமையாகப் பிறந்து, 1,200 டாலர் கொடுத்துத் தன்னையும் தன் மகனையும் மீட்டுக்கொண்டவர். வில்லியின் உடலைக் கழுவி உடுத்திவிட்டது அவர்தான். லிங்கன் உள்ளே வந்தார். முகத்தை மூடியிருந்த துணியை விலக்கி, நெடுநேரம் பார்த்தபடி நின்றார். இந்த மண்ணுக்கு இவன் மிஞ்சிய நல்லவன், எவ்வளவு ஆசையாக வளர்த்தோம் என்று முணுமுணுத்துவிட்டு, இரண்டு கைகளிலும் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அந்த நெடிய உடம்பு குலுங்கியதைக் கட்டிலின் கால்மாட்டில் நின்று பார்த்ததாக கெக்லி எழுதுகிறார். அவருடைய ஒரே மகன் அதற்கு ஆறு மாதம் முன்புதான் மிசூரியில் நடந்த சண்டையில் இறந்திருந்தான். அப்போது மேரி அவருக்கு ஆறுதலாகக் கடிதம் எழுதியிருந்தார். இப்போது மேரியின் பிள்ளையை கெக்லி குளிப்பாட்டுகிறார். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுவேன்.

மேரி படுக்கையிலேயே விழுந்துவிட்டார். மகனின் இறுதிச் சடங்குக்குக்கூட அவரால் எழுந்து வர முடியவில்லை. அவன் இறந்த அறைக்குள்ளும், உடலைக் கிடத்தியிருந்த கீழ்த்தளப் பச்சை அறைக்குள்ளும் அதன்பிறகு அவர் காலெடுத்து வைக்கவில்லை. வில்லியோடு விளையாட வந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பையன்களைப் பார்க்கவே முடியாமல், இனி அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பாவம், அதனால் கடைசி மகன் டாட் அண்ணனையும் இழந்து, கூட்டாளிகளையும் இழந்து தனியாக நின்றான்.

இந்தச் சமயத்தில் ஒரு கடிதம் வந்தது. அதைப் புரிந்துகொள்ள ஒன்பது வருடம் பின்னால் போக வேண்டும்.

1853 ஜனவரி 6. அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, இன்னும் பதவி ஏற்காத பிராங்க்ளின் பியர்ஸ், மனைவி ஜேன், 11 வயது மகன் பென்னி மூவரும் மாசசூசெட்ஸில் ரயிலில் போய்க்கொண்டிருந்தார்கள். ஆண்டோவர் ஊருக்குப் பக்கத்தில் பெட்டி தடம்புரண்டு கரையிலிருந்து உருண்டது. பெற்றோருக்குப் பெரிய காயமில்லை. பென்னி அவர்கள் கண்ணெதிரே செத்துப்போனான். மூன்று பிள்ளைகள் பெற்றதில் மூத்தவன் பிறந்த சில நாளிலேயே போனான், இரண்டாமவன் 4 வயதில் போனான், மிஞ்சியிருந்தவன் இவன் ஒருவன்தான்.

ஜேனுக்கு அரசியல் என்றாலே ஆகாது. கணவர் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர் அவர். நாட்டு வேலைக்குக் குறுக்கே எதுவும் நிற்கக் கூடாது என்றுதான் கடவுள் பிள்ளையை எடுத்துக்கொண்டார் என்று அவர் நம்ப ஆரம்பித்தார். பெற்ற வயிறு எதையாவது பிடித்துக்கொள்ளத்தானே பார்க்கும்? பதவியேற்பு விழாவுக்கு அவர் வரவில்லை. இறந்த மகனுக்குக் கடிதம் எழுதினார். நீ இருந்தபோது உன்னிடம் இன்னும் அன்பாக இருந்திருக்கலாமே என்று மன்னிப்புக் கேட்கிற கடிதம். ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து, 1855 புத்தாண்டு வரவேற்பில்தான் ஊரார் முன் வந்து நின்றார். அவருக்குக் கிடைத்த பெயர் 'வெள்ளை மாளிகையின் நிழல்'.

சரி, அந்தக் கடிதத்துக்கு வருகிறேன். எழுதியவர் பியர்ஸ். லிங்கனின் போர்க் கொள்கையைக் கடுமையாக எதிர்த்தவர், எதிர்க்கட்சிக்காரர். வில்லி இறந்த செய்தி கேட்டு, 1862 மார்ச் 4ஆம் தேதி துக்கம் விசாரித்து எழுதுகிறார். ஒன்பது வருடம் முன்பு இதே மார்ச் 4இல்தான் அவர் தன் துக்கத்தோடு பதவி ஏற்றார். நாடு இவ்வளவு ஆபத்தில் இருக்கும் நேரத்திலும் உங்கள் நினைவெல்லாம் அந்தப் பிள்ளை மேல்தான் இருக்கும் என்கிறார். ஆறுதல் சொல்லப் பார்ப்பது எவ்வளவு வீண் என்று எனக்குத் தெரியும் என்கிறார். என் மனைவியும் உங்கள் துயரத்தில் பங்குகொள்கிறார் என்று சேர்த்து எழுதுகிறார். ஜேனும் அப்போது உயிரோடு இருந்தார். அரசியலில் எவ்வளவு பகை இருந்தாலும் சாவு வீட்டுக்குப் போகாமல் இருப்போமா? அப்படி வந்த கடிதம் அது.

இப்போது என் ஆதங்கத்தைச் சொல்கிறேன். லிங்கன் மகனைச் சவப்பெட்டியில் கிடத்தி ஜார்ஜ்டவுனில் ஒரு குடும்பத்தின் கல்லறைக் கூடத்தில் வைத்துவிட்டு வந்தார். மறுபடியும் வேலைக்குத் திரும்பினார். அவருக்கு ஒரு மேசை இருந்தது, போர் இருந்தது, காத்திருக்கும் ஆட்கள் இருந்தார்கள். அவருடைய துக்கம் அந்த வேலைக்குள் போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டு டிசம்பரில், போரில் தந்தையை இழந்த ஓர் இளம்பெண்ணுக்கு அவர் எழுதினார். காலம் போனால்தான் ஆறும், ஆனால் கட்டாயம் ஆறும், பட்டவன் சொல்கிறேன் என்கிற பொருளில். உலகம் அதை அவருடைய பெருமையாக வைத்துக் கொண்டாடுகிறது. சரிதான், கொண்டாட வேண்டியதுதான்.

மேரிக்கு என்ன இருந்தது? மாடி அறை மட்டும்தான். ஒருநாள் லிங்கன் அவரை ஜன்னலருகே அழைத்துப்போய், தூரத்தில் குன்றின்மேல் தெரிந்த வெள்ளைக் கட்டடத்தைக் காட்டியதாக கெக்லி எழுதுகிறார். மனநோயாளிகளை வைத்துப் பார்க்கும் இடம் அது. துக்கத்தை அடக்கிக்கொள், இல்லாவிட்டால் உன்னை அங்கே அனுப்ப வேண்டிவரும் என்றாராம். லிங்கன் அதை அன்போடுதான் சொன்னார் என்று கெக்லி எழுதுகிறார். நான் நம்புகிறேன். ஆனாலும் பிள்ளையை இழந்த தாய்க்கு அந்த ஜன்னலில் காட்டப்பட்டது அந்தக் கட்டடம்தான். மேரியிடம் குறை இல்லை என்று நான் சொல்லவில்லை. கோபக்காரர், கணக்கில்லாமல் செலவு செய்தவர். அந்தக் குறைகளோடு சேர்த்து அவருடைய அழுகையையும் ஒரு குறையாக எழுதிவிட்டார்கள். அதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

மூன்றாவது குடும்பம் கூலிட்ஜ் குடும்பம். 1924 ஜூன் கடைசியில் அதிபரின் மகன்கள் இருவரும் மாளிகை மைதானத்தில் டென்னிஸ் ஆடினார்கள். 16 வயதான இளையவன் கால்வின் காலுறை போடாமல் ஷூ மாட்டிக்கொண்டு ஆடியதில் கால்விரலில் கொப்புளம் வந்தது. கொப்புளத்தை யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்? அது சீழ்பிடித்து, நஞ்சு ரத்தத்தில் கலந்து, ஜூலை 7ஆம் தேதி இறந்தான். பெனிசிலின் கண்டுபிடிக்க இன்னும் நான்கு வருடம் இருந்தது. நாட்டின் பெரிய மருத்துவர்கள் எல்லாம் பக்கத்தில் நின்றும் பயனில்லை. அவன் போனபோது அதிபர் பதவியின் வலிமையும் மகிமையும் அவனோடு போய்விட்டன என்று தகப்பன் பின்னாளில் எழுதினார். தாய் கிரேஸ் வெளியே எதையும் காட்டிக்கொள்ளவில்லை. ஐந்து வருடம் கழித்து மகனைப் பற்றி ஒரு கவிதை மட்டும் வெளியிட்டார். கிரேஸைப் பார், எவ்வளவு கம்பீரம் என்று புகழ்ந்தார்கள். வாய்விட்டு அழாததால் கிடைத்த புகழ் அது.

மேரிக்கு மேலும் மேலும் அடி விழுந்தது. 1865 ஏப்ரல் 14 மதியம் கணவனும் மனைவியும் வண்டியில் உலா போனார்கள். போரும் வில்லியின் சாவும் நம்மை வாட்டியது போதும், இனிமேல் சந்தோஷமாக இருக்கப் பார்ப்போம் என்றார் லிங்கன். அன்று இரவு மேரியின் பக்கத்து நாற்காலியில் வைத்தே அவரைச் சுட்டுவிட்டார்கள். அவர்கள் ஊரான ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போன ரயிலில் லிங்கனின் சவப்பெட்டியோடு வில்லியின் சின்னப் பெட்டியையும் ஏற்றினார்கள். 1871இல் டாட் 18 வயதில் இறந்தான். 1875 மே மாதம் சிகாகோவில், மூத்த மகன் ராபர்ட் கொடுத்த மனுவின்மேல், பன்னிரண்டு ஆண்கள் அடங்கிய ஜூரி மேரிக்குப் புத்தி சுவாதீனம் இல்லை என்று தீர்ப்பளித்தது. மனநோயாளிகளைப் பார்க்கும் விடுதிக்கு அனுப்பினார்கள். ஜன்னலில் காட்டியது பதின்மூன்று வருடம் கழித்து நடந்தே விட்டது. நான்கு மாதத்தில் அவர் அங்கிருந்து வெளியே வந்தார், அடுத்த ஆண்டு நீதிமன்றமே அவர் தெளிவாக இருக்கிறார் என்று சொன்னது.

1882 ஜூலையில் ஸ்பிரிங்ஃபீல்டில் அக்கா வீட்டில் அவர் காலமானார். நாற்பது வருடம் முன்பு லிங்கனைக் கைப்பிடித்ததும் அதே வீட்டில்தான். ஓக் ரிட்ஜ் கல்லறையில் கணவரோடும், இரண்டாவது மகன் எடி, வில்லி, டாட் என்ற மூன்று பிள்ளைகளோடும் அவரை வைத்திருக்கிறார்கள். ராபர்ட் மட்டும் அங்கே இல்லை, அவருடைய கல்லறை ஆர்லிங்டனில் இருக்கிறது.

வணக்கம்.